கோடு விழாத நெற்றி

போன வாரம் நிர்மலா போன் செய்தாள். கோரைமேடு துணை சுகாதார நிலையத்தில் நான் இருந்த இடத்துக்கு இப்போது வந்திருக்கும் செவிலியர் அவள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரில் யார் யாரென்று இன்னும் பிடிபடவில்லை. குரலில் அப்படி ஒரு பதற்றம். யாருக்கோ பிரசவ வலி கண்டுவிட்டது, படகு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“சிஸ்டர், இந்தப் பொம்பளைங்க தொல்லை தாங்க முடியல. செல்போன்ல ஏதோ கிரீம் விக்கிறாங்களாம். பூசுனா தோல் நல்லா இறுகி, மூஞ்சியில சுருக்கமே விழாதாம். வாங்கலாமா வேணாமான்னு தினமும் என்னைப் புடிச்சு உலுக்குறாங்க. நான் இன்னா சொல்றது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தோல் இறுகணுமாமா? கங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் வாங்கச் சொல்லு” என்றேன்.

“யாரு சிஸ்டர் அவங்க? இந்த கிரீமை ஏற்கெனவே பூசுனவங்களா?”

அட கஷ்டகாலமே! அந்தக் கதையைப் போனில் சொன்னால் அவள் போனும் தாங்காது, என் தொண்டையும் தாங்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, இந்தக் கை ஊசி குத்திப் பழகிய கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் நான் ஒன்றும் செய்வதற்கில்லை, ரிட்டயர்டு ஆகிவிட்டேன்.

நான் காட்டூர்க்காரி. நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள். மீனைக் குழம்புச் சட்டியில் பார்த்ததோடு சரி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பார், வார்டன் திட்டு, ஊசி போட்டுப் பழக ஆரஞ்சுப் பழம், பழகி முடித்ததும் அதை நாங்களே உரித்துத் தின்றது, அவ்வளவுதான். வேலை கிடைத்ததும் பழவேற்காட்டுப் பக்கம் போட்டார்கள். கல்யாணமாகி வந்த வீடு திருப்பாலைவனத்தில். அங்கிருந்து பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் படகு, படகை விட்டு இறங்கினால் முட்டளவு தண்ணீரில் நடை, அப்புறம்தான் கோரைமேடு.

முதல் நாளே படகில் வாந்தி எடுத்தேன். கரையில் கால் வைத்தபோது இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாமே, ஊசி போட வந்தியா, வாந்தி எடுக்க வந்தியா?”

அவள்தான் கங்கம்மா. அந்தக் குப்பத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. யார் எதைச் சொன்னாலும், சொன்ன வேகத்தில் திருப்பித் தருவாள். மணியக்காரரானாலும் சரி, மாமியாரானாலும் சரி. எனக்கு அவளைப் பார்த்தவுடன் எரிச்சல் வந்தது. அன்று மத்தியானமே அவள் வீட்டில்தான் சோறு தின்றேன்.

அந்தப் பெண்கள் ஏரியில் இறால் பிடிக்கும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது, வெறும் கைதான். மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டபடி வரிசையாக உட்கார்வார்கள். இரண்டு கையாலும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே மெல்ல முன்னால் நகர்வார்கள். விரலில் இறால் துள்ளியதும் பிடித்து, பறிக்குள் போடுவார்கள். பறி என்பது பனை ஓலையில் பின்னிய, வாய் குறுகிய கூடை. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி அவரவர் தாடைக்குக் கீழே மிதந்துகொண்டே கூட வரும். இதனால் தண்ணீரில் இருக்கும்வரை ஒருத்தியும் பேச முடியாது. கரையேறியதும் அதுவரை அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்துப் பேசுவார்கள். அந்த இரைச்சலில் நான் பலமுறை ரத்த அழுத்தம் பார்ப்பதைக் கைவிட்டிருக்கிறேன்.

வரிசையில் யாருக்கு எந்த இடம் என்பது மாறாது. கங்கம்மா கல்யாணமாகி வந்த அன்று அவள் மாமியார் பக்கத்தில் உட்காரவைத்த இடம், அதுவே அவள் இடம். ஒருத்தி வருவதை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்துவிடுவாள், வரிசை மூடிக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவள் வராவிட்டாலும் அவள் பறி தண்ணீருக்குப் போகும். உறவுக்காரி ஒருத்தி தன்னுடையதோடு அதையும் சுமப்பாள். வரிசையே அதில் ஆளுக்குக் கொஞ்சம் போடும். உடம்பு தேறித் திரும்பி வரும் நாளில், சுமந்தவள் அந்தக் கயிற்றைக் கையில் தரமாட்டாள். பல்லில்தான் தருவாள். பல்லில் வாங்கிவிட்டால் அவள் வரிசைக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு கங்கம்மா இளமையாக ஆரம்பித்தாள்.

நான் கேலி பேசவில்லை. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடப்பவர்களுக்கு முப்பது வயதிலேயே கண்ணோரம் சுருங்கிவிடும். இவளுக்கோ நெற்றியில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கன்னம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. ஒருநாள் வளையல்காரர் கங்கம்மாவைக் காட்டி, அவள் ஓரகத்தி பாக்கியத்திடம், “உன் மவளாம்மா?” என்று கேட்டுவிட்டார். பாக்கியம் கங்கம்மாவைவிடச் சின்னவள். அன்று வளையல் வியாபாரம் நடக்கவில்லை.

“யக்கா, உண்மையச் சொல்லு. மூஞ்சிக்கு இன்னாத்தப் போடுற?”

“மீன் செதிலு” என்பாள் கங்கம்மா. “அரைச்சு ராவுல பூசிக்க. காலைல ஒம் புருசனே உன்னை நெத்திலின்னு தூக்கிக் கொழம்புல போட்டுருவான்.”

பாக்கியம் நம்பவில்லை. உளவு பார்த்தாள். கங்கம்மாவின் விரல்கள் அடிக்கடி வெடிக்கின்றன என்று நான் பாரஃபின் எண்ணெய் கொடுத்திருந்தேன். அந்தப் புட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த கிளினிக் நாளன்று குப்பத்தில் ஒரு பெண் பாக்கியில்லை, எல்லார் கையிலும் வெடிப்பு!

“எங்கே, காட்டு.”

“உள்ள கீது சிஸ்டரு. வெளிய தெரியாது.”

பாரஃபின் எண்ணெய் ஒரே நாளில் தீர்ந்தது. குப்பத்துப் பெண்கள் எல்லாரும் பளபளவென்று திரிந்தார்கள். அடுப்பங்கரையில் யார் கையிலும் பாத்திரம் நிற்கவில்லை. மறுபடி எண்ணெய் கேட்டபோது, “ஸ்டெல்லா, உங்க ஊர்ல படகுக்கும் இதைத்தான் பூசுறாங்களா?” என்று மருந்தாளுநர் கேட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவேதான் கங்கம்மாவுக்கு வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. தடுப்பூசி நாளில் படகிலிருந்து தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி வருவது கங்கம்மாவாகத்தான் இருக்கும். அவளாக எடுத்துக்கொண்ட வேலை அது. ஒரு மார்கழியில் பெட்டியைத் திறந்து ஐஸ் பையை எடுத்துத் தரச் சொன்னேன். எடுத்தவள் உடனே கீழே போட்டாள். அவள் விரல்களைப் பார்த்தேன். நடு மூட்டு வரைக்கும் சாக்பீஸ் வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது. அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது சிவந்திருந்தது.

“எத்தினி நாளா இப்படி?”

“கெடக்குது வுடு. பனிக்கு எல்லாருக்கும் வெறைக்கும்.”

“எல்லாருக்கும் வெறைக்கும். யாருக்கும் வெள்ளையாகாது. நாளைக்கு என்னோட டாக்டரம்மாகிட்ட வர்றே.”

“நாளைக்கு கடல்தண்ணி ஏத்தம் நல்லா கீது, எறா வரும்.”

“எறா எங்கயும் போயிடாது. நீ வர்றே.” கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் அக்கரைக்குக் கேட்கும்.

டாக்டர் மங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் வந்த புதிதில், இந்தம்மாவுக்கு ஏதோ ஒரு ஸ்க்ரூ லூஸ் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். யார் வந்தாலும் நாடி பிடிப்பதற்கு முன்னால், “என்ன வேலை பாக்குறீங்க? செஞ்சு காட்டுங்க” என்பார். வாயால் சொல்லக் கூடாது. செய்தே காட்ட வேண்டும். தோள்வலி என்று வந்த ஒருவர் இல்லாத வலையை வீசி, மேசை மேல் இருந்த பேனா, மை, டார்ச்சு எல்லாவற்றையும் வாரிக் கீழே தள்ளினார். ஐஸ் தூக்கும் ஆள் ஒருவர், பெஞ்சை அதில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டரோடு சேர்த்துத் தூக்கினார். டாக்டரம்மா மோவாயைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். சிரிக்கவே மாட்டார். முடிந்ததும் “மறுபடியும்” என்பார். கம்பவுண்டர் மறுபடியும் மேலே போனார்.

கங்கம்மா வந்தாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு பாக்கியமும் வந்தாள். அழகின் ரகசியத்தை டாக்டர் வாயிலிருந்தே கேட்டுவிடலாம் என்ற நினைப்பு அவளுக்கு.

“செஞ்சு காட்டுங்க” என்றார் டாக்டர்.

“தண்ணி இல்லாம எப்டி டாக்டரம்மா?”

“தண்ணி இருக்கறதா நெனச்சுக்குங்க.”

கங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் காலி செய்து, ஒரு பேண்டேஜ் துணியைக் கயிறாகக் கட்டிக் கொடுத்தேன். அவள் சேலையைச் செருகினாள், தரையில் முட்டி போட்டாள், துணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிமெண்டுத் தரையை இரண்டு கையாலும் துழாவியபடி மேசையைச் சுற்றி நகர்ந்தாள்.

“மறுபடியும்” என்றார் டாக்டர். இன்னொரு சுற்று. “எல்லாருமே கூடையைக் கழுத்துலதான் மாட்டுவீங்களா?”

“ஆமா” என்றாள் கங்கம்மா.

“இன்னா ஆமா?” கதவோரம் நின்ற பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. “எல்லாரும் பல்லுல கடிப்போம் டாக்டரம்மா. இந்த யக்காவும் கடிச்சிக்கினுதான் இருந்துச்சு. போன மழைக்கு அப்பாலதான் மவராணி மாலை கணக்கா கழுத்துல போட்டுக்குது. கயிறு பட்டா அயகு கெட்டுப்பூடுமாம்!”

“கடிச்சுக் காட்டுங்க.”

கங்கம்மா அசையவில்லை. டாக்டர் நாற்காலியை விட்டு இறங்கி, அவளுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். “வாயைத் திறங்க. முடிஞ்ச மட்டும்.” தன் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தித் தன் வாயில் வைத்துக் காட்டினார். எனக்கும் பாக்கியத்துக்கும் எங்கள் மூன்று விரல்கள் தாராளமாகப் போயின. கங்கம்மாவுக்கு ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது. அப்போதுதான் நான் கவனித்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு சுருக்கம் இல்லாதவளுக்கு, வாயைச் சுற்றி மட்டும் சுருக்குப்பையை இழுத்ததுபோல் கோடுகள் இருந்தன.

“சோத்து உருண்டையச் சின்னதாத்தான் உருட்டுறேன்” என்றாள் மெதுவாக. “யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இந்தச் சிறுக்கி ஊரெல்லாம் பாடிடுவா.”

அப்புறம் டாக்டர் கிள்ளிப் பார்த்தார். முதலில் தன் முன்கையில் தோலைக் கிள்ளித் தூக்கினார், மடிப்பு வந்தது. என் கையில், பாக்கியத்தின் கையில், எல்லாம் மடிந்தது. கங்கம்மாவின் கையில் தோல் எழும்பவே இல்லை. விரலின் மேல்பக்கம், முன்கை, கன்னம், நெற்றி, ஒவ்வோர் இடமாகக் கிள்ளிக்கொண்டே போனார். எல்லாம் எலும்போடு ஒட்டியதுபோல் இருந்தது. “கண்ணை மூடிக்குங்க” என்று சொல்லி, விரல் நுனிகளைப் பஞ்சால் தொட்டார். தொடும்போதெல்லாம் கங்கம்மா சரியாகச் சொன்னாள். “உணர்ச்சி நல்லா இருக்கு. தொழுநோய் இல்லை” என்றார்.

இது இணைப்புத் திசுவில் வரும் நோய், ஸ்க்ளீரோடெர்மா என்று பெயர், அடுத்தவரிடமிருந்து தொற்றாது, நாம் ஏதோ தின்றதால் வருவதும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கங்கம்மா புரியாத முகத்தோடு பார்த்தாள். டாக்டர் வேறு விதமாகச் சொன்னார்.

“நம்ம உடம்புல தோலுக்கு அடியில, நுரையீரல்ல, ரத்தக்குழாயில, எல்லாத்தையும் புடிச்சுக் கட்டி வைக்கிற நார் ஒண்ணு இருக்கு. எங்களுக்கெல்லாம் வயசாக ஆக அது தளரும். தோல் தொங்கும், சுருக்கம் விழும். உங்க உடம்பு தேவைக்கு மேல அந்த நாரைப் பின்னிக்கிட்டே இருக்கு. அதனால தோல் தடிச்சு இறுகிப்போச்சு. கோடு விழ எடமில்லை.”

“உப்புல ஊறிக் காஞ்ச கயிறு மாரி.”

“அதேதான்.”

“அப்ப இது எளமை இல்லியா?”

“இல்லைம்மா. மூஞ்சி சின்ன வயசு மாதிரி தெரியுது. உள்ள நுரையீரலுக்கும் ரத்தக்குழாய்க்கும் வயசு கூடிப்போகுது. படியேறினா மூச்சு வாங்குதா?”

வாங்கியது. கங்கம்மா தலையை ஆட்டினாள். பாக்கியம் கதவோரத்திலிருந்து வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வரும் படகில் கங்கம்மாவின் விரல்களைப் பாக்கியம் தன் மடியில் சேலையால் பொத்தி வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மூட்டுவாதப் பிரிவில் அவளை எல்லா வகையிலும் சோதித்தார்கள். நுரையீரலில் கொஞ்சம் தொடங்கியிருக்கிறது, மாத்திரையில் நிறுத்திப் பார்க்கலாம் என்றார்கள். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, அதனால் வாரம் தவறாமல் பார்க்கச் சொன்னார்கள். அது என் பொறுப்பு. கடைசியாக ஒன்று சொன்னார்கள். குளிர்ந்த தண்ணீர் ஆகாது, ஐஸ் ஆகாது. விரல் நுனிக்கு ரத்தம் போகாமல் நின்றால் புண்ணாகும், விரலே போனாலும் போகும்.

“அப்ப ஏரிய அடுப்புல ஏத்திச் சுட வெச்சுத் தர்றியா சிஸ்டரு?” என்றாள் கங்கம்மா, பஸ்ஸில் வரும்போது.

“பனிக்காலம் முடியறவரைக்கும் போகாதே.”

“போவலன்னா வரிசை மூடிக்கும். நாப்பது வயசுக்கு மேல புதுசா எங்க போய் எடம் புடிக்கிறது? ஒன்னோட ஊசிக் கடையில குந்திக்கினு ஈ ஓட்டட்டா?”

என்ன சொல்லியும் கேட்கவில்லை. விடியற்காலையில் இருட்டோடு வரிசை இறங்கும், அவளும் இறங்குவாள். நான் கிளினிக் நாளன்று வந்தால் நல்ல பிள்ளைபோல் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை வாங்கிக்கொள்வாள். தை மாதத்தில் ஒருநாள் வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே பேசினாள். பிடுங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனி கறுத்துக் குழி விழுந்திருந்தது.

அன்று நான் போட்ட சத்தம் கோரைமேட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. கரையில் வைத்தே புண்ணைக் கழுவிக் கட்டினேன். “இன்னும் ரெண்டு தடவை எறங்கு. அப்புறம் வரிசையில எடம் இருக்கும், எறாவைப் புடிக்க வெரல் இருக்காது. யார் கையக் கடன் கேப்பே? போய்த் தொலை, எனக்கென்ன!” என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் கட்டினேன். கட்டு மட்டும் நேராக வந்தது. வரிசைப் பெண்கள் எல்லாரும் ஈரச் சேலையோடு சுற்றி நின்றார்கள். கங்கம்மா வாயே திறக்கவில்லை. எனக்கு அவள் விரலைவிட அதுதான் பயமாக இருந்தது.

பாக்கியம்தான் முதலில் பேசினாள். “பச்சை ஒடம்புக்காரி பறி தண்ணிக்குப் போவுதுல்ல? யக்கா பறிய நான் எடுத்துக்கினு போறேன்.”

“அது புள்ள பெத்தவளுக்குடி” என்றாள் ஒருத்தி. “இது இன்னா பிரசவமா?”

“யக்கா மூஞ்சியப் பாரு. இப்பத்தான் பொறந்து வந்தமாரி வழவழன்னு கீது. பெத்தவளுக்கு உண்டுன்னா பொறந்தவளுக்கு இல்லியா?”

முதலில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. பஞ்சாயத்துமில்லை, பேச்சுவார்த்தையுமில்லை. கங்கம்மாவுக்கு மட்டும் கண்ணீர் கொட்டியது. “எவ்ளோ நாளைக்கிடி சொமப்பே?” என்றாள்.

“நீ பல்லுல வாங்குற வரைக்கும்.”

மறுநாளிலிருந்து பாக்கியம் தன் பறியைப் பல்லிலும், ஓரகத்தியின் பறியைக் கழுத்திலும் போட்டுக்கொண்டு இறங்கினாள். மவராணி மாலை இப்போது இவள் கழுத்தில் ஏறியது. நான் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவேனா? வாயில் கயிறு இருந்ததால் முறைக்க மட்டும்தான் முடிந்தது. வரிசையில் கங்கம்மாவின் இடம் அப்படியே ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமையாக நகர்ந்து போகும். இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் கையை நீட்டி அந்த இடத்தையும் துழாவிக்கொள்வார்கள்.

இது ஒரு பனிக்காலத்தோடு முடியவில்லை. வருஷக்கணக்கில் போனது. நோய் இன்று வந்து நாளை போவதல்ல. முதல் இரண்டு வருஷம் தோல் இன்னும் இறுகியது. விரல்கள் மடங்கினபடி நின்றன. ஆள்காட்டி விரலின் நுனி ஆறியது, ஆனால் கொஞ்சம் கரைந்து குட்டையாகிப் போனது. ஒருமுறை ரத்த அழுத்தம் எகிற, படகு, ஆட்டோ, ஆம்புலன்ஸ் என்று அவளைச் சென்னைக்குக் கொண்டு ஓடினோம். நல்லவேளை, நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை.

வாய்க்கு டாக்டர் மங்கை ஒரு பயிற்சி கொடுத்தார். இரண்டு கட்டை விரலையும் வாயின் இரண்டு ஓரத்திலும் விட்டு, மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஆ, ஈ, ஊ என்று முகத்தையே பிய்த்துவிடுவதுபோல் சொல்ல வேண்டும். தனியாகச் செய்ய அவளுக்கு வெட்கம், அதனால் நானும் கூட உட்கார்ந்து செய்வேன். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆ ஊ என்று பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் கற்றுக்கொண்டன. என் வீட்டுக்காரர், “ஸ்டெல்லா, அந்தம்மா வாய் தெரியல, ஒன் வாய் நல்லாப் பெரிசாயிருக்கு” என்றார்.

மூன்றாவது வருஷமோ நாலாவதோ, தோல் இளக ஆரம்பித்தது. மாத்திரையும் காரணம், சிலருக்கு இந்த நோயில் சில வருஷம் கழித்துத் தோல் தானாகவும் கொஞ்சம் இளகும் என்று டாக்டர் சொன்னார். முன்கையைக் கிள்ளினால் லேசாக ஒரு மடிப்பு வந்தது. கங்கம்மா நாள் முழுக்கத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டு திரிந்தாள். இரண்டு விரல் வாய்க்குள் போன அன்று ஒரு முழு வடையைக் கடித்துக் காட்டினாள். சின்ன வடைதான், ஆனாலும் வடை வடைதானே.

“இப்பவாவது எறங்கட்டா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

கடைசியில் சென்னையில் ஒத்துக்கொண்டார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும், உச்சிப்பொழுதில் மட்டும், கொஞ்ச நேரம் மட்டும். குளிர்காலத்தில் ஏரிப் பக்கமே போகக் கூடாது. அதற்கே அவள் என்னைக் கட்டிப்பிடித்து, என் கைப்பை கீழே விழுந்தது.

விடியலில் இறங்கும் வரிசை அவளுக்காக ஒருநாள் உச்சி வெயிலில் இறங்கியது. எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்கள். “நம்மளக் கருவாடாக்கணும்னே இந்த யக்கா கெளம்பிக்கீது” என்றாள் பாக்கியம். நான் ரிட்டயர்டு ஆவதற்கு முந்தைய வருஷம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கணுக்கால் தண்ணீரில் நின்றேன். முதலில் கரையிலேயே வாயை அளந்தேன். இரண்டு விரல் சுலபமாகப் போனது, மூன்றாவது பாதி போனது.

கங்கம்மா தண்ணீரில் கையை விட்டாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாகவில்லை. நீலமாகவில்லை. குட்டையான அந்த ஒரு விரலோடு சேர்த்து எல்லாம் அதன் நிறத்திலேயே இருந்தன.

“சிஸ்டரு!” என்று கத்தினாள். “ஏரிய சுட வெச்சுட்டாங்க!”

அவள் இடம் திறந்தே இருந்தது. போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பாக்கியம் தன் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். கங்கம்மா வாயைத் திறந்தாள். போதவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, புருவத்தை மேலே தூக்கி, ஆ என்று இன்னும் திறந்தாள். பாக்கியம் கயிற்றை உள்ளே வைத்தாள். பல் கவ்வியது. பறி அவள் தாடைக்குக் கீழே வந்து மிதந்தது.

பாக்கியம் கையை எடுக்கவில்லை. கங்கம்மாவின் நெற்றியையே பார்த்தாள். திடீரென்று அலறினாள். அலறியதில் அவள் கடித்திருந்த சொந்தக் கயிறு நழுவி, பறி அதுபாட்டுக்கு மிதந்து போனது.

“யக்கா! நெத்தியில கோடு! சிஸ்டரு, வந்து பாருங்க, யக்கா நெத்தியில கோடு வுழுந்துடுச்சி!”

நான் சேலையோடு தண்ணீரில் ஓடினேன். தூக்கிய புருவத்துக்கு மேலே, அந்த வழவழப்பான நெற்றியில், மெல்லியதாக ஒரு கோடு. அதற்கு மேல் இன்னொன்று. வரிசையே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். பாக்கியம் அழுதுகொண்டே அவள் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள்.

“கெழவி ஆயிட்டே யக்கா! சத்தியமா நீ கெழவி ஆயிட்டே! ஒன்னப் போயி எம் மவளான்னு கேட்டானே அந்த வளையல்காரன், இட்டுக்கினு வாங்கடி அவன!”

எந்தக் கேலிக்கும் பதில் பாக்கி வைக்காத கங்கம்மா அன்று ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் கயிறு இருந்தது.